கடைக்குப் போகும் முன் போனை எடை போடுங்கள்: பயணக் காணொளிக்குக் கட்டுப்படியான விலையில் கிம்பல் வாங்கும் முறை

தனுஷ்கோடியில் நான் எடுத்த காட்சிகளில் பாதிக்கு மேல் பயன்படாமல் போயின. அரிச்சல்முனையில் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த கிம்பல் (படம் நடுங்காமல் இருக்கப் போனை மோட்டார்களால் நிலையாகப் பிடித்துக்கொள்ளும் கைக்கருவி) முதலில் மெல்ல அதிர்ந்தது, பிறகு உறுமத் தொடங்கியது, கடைசியில் போனை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டுவிட்டு அணைந்தது. கடையில் ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்தபோது அது எந்தக் குறையும் இல்லாமல் நின்றிருந்தது. ஊர் திரும்பிய பிறகுதான் கோளாறு எங்கே என்று தேடினேன். என் போன் அந்தக் கருவி தாங்கக்கூடிய எடையைவிடக் கனமானது. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த அந்த எண்ணை வாங்கும்போது நான் படிக்கவே இல்லை. அந்தப் பணமும் அந்தப் பயணமும் எனக்குத் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. முதல் கிம்பலை வாங்கப்போகிற உங்களுக்கு அப்படி நேரக்கூடாது என்பதற்காகவே, இரண்டாவது முறை நான் செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. கிம்பல் தேவைதானா என்று முதலில் சோதியுங்கள்

நல்ல வெயிலில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு முப்பது அடி நடந்து படம்பிடியுங்கள். அதே தெருவில் இரவு எட்டு மணிக்குத் தெருவிளக்கு வெளிச்சத்தில் மறுபடியும் முப்பது அடி நடந்து படம்பிடியுங்கள். இரண்டையும் போன் திரையில் பார்த்து முடிவுக்கு வந்துவிடாமல், வீட்டுத் தொலைக்காட்சியிலோ கணினியிலோ ஓடவிட்டுப் பாருங்கள், ஏனென்றால் சிறிய திரை நடுக்கத்தை மறைத்துவிடும்.

பகல் காட்சி பெரும்பாலும் சுமாராகவாவது இருக்கும், இரவுக் காட்சியில்தான் வித்தியாசம் தெரியும். போனுக்குள் இருக்கும் மென்பொருள், படத்தின் ஓரங்களை வெட்டி, ஒவ்வொரு சட்டகத்தையும் (ஃபிரேம்) இங்குமங்கும் நகர்த்தி நடுக்கத்தைச் சரிசெய்கிறது. வெளிச்சம் குறைந்ததும் ஷட்டர் அதிக நேரம் திறந்திருப்பதால் ஒவ்வொரு சட்டகத்துக்குள்ளேயே அசைவு இழுபட்டுப் பதிந்துவிடுகிறது. மென்பொருளால் சட்டகத்தை நகர்த்த முடியுமே தவிர, அதற்குள் பதிந்துவிட்ட மங்கலை அழிக்க முடியாது. கிம்பல் போனையே அசையாமல் பிடித்துக்கொள்வதால் அந்த மங்கலின் பெரும்பகுதி முதலிலேயே விழுவதில்லை.

ஆகவே உங்கள் காணொளிகள் பெரும்பாலும் பகலில், ஓரிடத்தில் நின்றோ உட்கார்ந்தோ பேசுபவை என்றால் கிம்பல் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு சிறிய டிரைபாடும் நல்ல மைக்கும் வாங்கலாம். மாலைச் சந்தை, இரவுத் திருவிழா, நடந்துகொண்டே பேசுவது என்று இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

2. போனை எடை போட்டு, அளந்தும் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள். போன் நிறுவனம் அறிவித்திருக்கும் எடை, நீங்கள் கிம்பலில் மாட்டப்போகும் எடை அல்ல. உறை, திரைக் கண்ணாடி, பின்பக்கம் ஒட்டிய வளையம், சார்ஜ் துளையில் செருகும் கம்பியில்லா மைக்கின் ரிசீவர் எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான எடை.

நான் என் போனை எங்கள் தெரு மளிகைக் கடையின் மின்தராசில் வைத்துப் பார்த்தேன். கடை அண்ணாச்சி, "போனை எல்லாமா நிறுத்துப் பார்ப்பாங்க?" என்று கேட்டுவிட்டுத் தராசை என் பக்கம் திருப்பினார். வெறும் போன் 221 கிராம். தடித்த ரப்பர் உறையைப் போட்டதும் 257 ஆனது. பின்பக்க வளையத்தையும் மைக் ரிசீவரையும் சேர்த்ததும் 275 கிராம் காட்டியது. நான் வாங்கியிருந்த கருவியின் உச்ச வரம்பு 250 கிராம். தராசின் சிவப்பு எண்களைப் பார்த்த அந்த நொடியில்தான் அரிச்சல்முனையில் நடந்தது எனக்கு முழுமையாக விளங்கியது. கனத்தோடு காற்றின் தள்ளுதலும் சேர்ந்ததால் மோட்டார் தாங்கவில்லை.

உங்கள் மொத்த எடை, கிம்பலின் உச்ச வரம்பைவிடக் குறைந்தது 30 கிராமாவது குறைவாக இருக்கட்டும். கடற்கரை, மலை உச்சி, படகு ஆகிய காற்றடிக்கும் இடங்களுக்கு அடிக்கடி போகிறவர்கள் இன்னும் கூடுதலாக இடைவெளி விடுங்கள். குறைந்தபட்ச எடை என்றும் ஒன்று உண்டு என்பதை மறக்க வேண்டாம். எடுத்துக்காட்டாக, டிஜேஐ நிறுவனத்தின் ஆஸ்மோ மொபைல் 6 தாங்குவது 170 முதல் 290 கிராம் வரை. மிக இலேசான போனை மாட்டினாலும் கருவி சரியாக நிற்காது.

எடைக்கு அடுத்தது அளவு. ஓர் அளவுகோலை எடுத்து, உறையோடு சேர்த்துப் போனின் அகலத்தையும் தடிமனையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அதே கருவியின் கிளாம்ப் (போனைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) 67 முதல் 84 மில்லிமீட்டர் அகலமும், 6.9 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள போன்களுக்கானது. போனே எட்டு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும்போது, தடித்த உறையும் சேர்ந்தால் பத்தைத் தாண்டிவிடும். அப்போது கிளாம்ப் பிடிப்பதுபோலத் தோன்றினாலும், திடீரென்று திரும்பும்போது போன் நழுவும். உறையைக் கழற்றிவிட்டு மாட்டுவதே நல்லது.

3. பணத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்

விலைகள் அடிக்கடி மாறுபவை. ஆகவே நான் விசாரித்த காலத்து நிலவரமாக, தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்குள் கிடைப்பவை பெரும்பாலும் செல்ஃபி குச்சியில் ஒரே ஒரு மோட்டார் பொருத்தியவை, அவற்றைக் கிம்பல் என்று எண்ணி வாங்கக் கூடாது. மூன்று மோட்டார் உள்ளவை 4,000 முதல் 7,000 ரூபாய் வரையிலான இடத்தில் தொடங்குகின்றன. ஹோஹெம், டிஜிடெக் போன்ற பெயர்களை இங்கே பார்ப்பீர்கள். 8,000 முதல் 15,000 வரை டிஜேஐ, ஷியுன், இன்ஸ்டா360 ஆகியவற்றின் போன் கிம்பல்கள் வருகின்றன. மிரர்லெஸ் கேமராவுக்கானவை (லென்சை மாற்றக்கூடிய தனிக் கேமரா) 20,000 ரூபாயைத் தாண்டும்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் கிம்பலுக்கே கொடுத்துவிடாதீர்கள். பார்வையாளர் சிறு நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்வார், காற்று இரைச்சலில் பேச்சுக் கேட்காவிட்டால் காணொளியை மூடிவிடுவார். மொத்தம் 10,000 ரூபாய் இருந்தால், 6,500 வரை கிம்பலுக்கும், 2,500 வரை காற்றுத் தடுப்புப் பஞ்சு உள்ள சிறிய கம்பியில்லா மைக்குக்கும், மீதியைப் பைக்கும் கேபிளுக்கும் ஒதுக்குங்கள்.

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். டிஜேஐ ஆர்எஸ் 3 மினி போன்ற சிறிய கிம்பலே ஏறத்தாழ 800 கிராம் எடை. கேமராவும் லென்சும் சேர்ந்தால் ஒன்றரைக் கிலோவை நீட்டிய கையில் பிடிக்க வேண்டும். அரைமணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். முதல் பயணக் காணொளிக்குப் போனே போதும் என்பது என் உறுதியான கருத்து.

4. பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முதலில் "த்ரீ ஆக்சிஸ்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இடவலமாகத் திரும்புவது, மேலும் கீழுமாகச் சாய்வது, பக்கவாட்டில் கவிழ்வது ஆகிய மூன்று அசைவுகளுக்கும் தனித்தனி மோட்டார் இருந்தால்தான் அது முழுமையான கிம்பல். "ஸ்டெபிலைசர்" என்ற சொல்லை மட்டும் அச்சிட்டுவிட்டு ஒரே மோட்டாரோடு விற்பவை ஏராளம். படத்தைப் பார்த்து மோட்டார்களை எண்ணுங்கள். உருண்டையான மூட்டுகள் மூன்று இருக்க வேண்டும்.

அடுத்தது ஆளைத் தொடரும் வசதி. பல கருவிகளில் இது அந்த நிறுவனத்தின் செயலிக்குள் படம்பிடித்தால் மட்டுமே வேலை செய்யும். போனின் சொந்தக் கேமராவைத் திறந்தால், படம்பிடிக்கும் பொத்தான் மட்டும் ப்ளூடூத் வழியாக இயங்கும், தொடர்தல் இயங்காது. ஆண்ட்ராய்டு போன்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. போனில் இருக்கும் எல்லா லென்சுகளையும் உயர்ந்த தரத்தையும் வெளிச் செயலிகள் பயன்படுத்த முடிவதில்லை. உங்கள் போன் மாடல் அந்த நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். ஹோஹெம் எம்6 போன்ற சிலவற்றில் தனி உணரி (சென்சார்) ஒன்றைக் காந்தத்தால் ஒட்டிவிட்டால், எந்தச் செயலியில் படம்பிடித்தாலும் ஆளைத் தொடரும். தனியாகப் பயணம் போகிறவர்களுக்கு அதற்கான கூடுதல் விலை தகும்.

"12 மணி நேர பேட்டரி" போன்ற எண்கள், சரியாகச் சமன்செய்த போனை அசைக்காமல் வைத்து அளந்தவை. நடந்து, திரும்பி, காற்றில் நின்று படம்பிடிக்கும்போது பாதியை எதிர்பார்த்தால் ஏமாற்றம் இராது. மடக்கினால் சட்டைப் பையில் அடங்குமா என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சார்ஜ் துளை டைப்-சி ஆக இருந்தால் போதும்.

5. பில்லும் உத்தரவாதமும்

கடையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் நான்கைக் கையில் வாங்காமல் நகராதீர்கள். ஜிஎஸ்டி எண் உள்ள பில். அதில் கருவியின் மாடல் பெயரும் சீரியல் எண்ணும். இந்தியாவில் செல்லும் உத்தரவாத அட்டை அல்லது அதைப் பதிவுசெய்ததற்கான மின்னஞ்சல். சேவை மையத்தின் முகவரி. பில் இல்லாமல் 1,500 ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொன்னால் ஏற்க வேண்டாம். மோட்டார் பழுதடைந்தால் உள்ளூரில் பழுதுபார்ப்பவர் அரிது. நிறுவனத்துக்கே கூரியரில் அனுப்ப வேண்டிவரும்போது, சீரியல் எண் இல்லாத பில்லை அவர்கள் ஏற்பதில்லை. என் முதல் கருவிக்கு அப்படித்தான் ஆயிற்று. கடைக்காரர் எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டில் "மொபைல் ஸ்டாண்ட்" என்று மட்டும் இருந்தது.

உத்தரவாதம் ஓராண்டு என்றால் பேட்டரிக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள். பேட்டரிக்குக் குறைந்த காலம் மட்டுமே கொடுப்பவர்களும் உண்டு. இணையத்தில் வாங்கும்போது "திருப்பி எடுத்துக்கொள்ளப்படும்" என்பதற்கும் "மாற்றித் தரப்படும்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். இரண்டாவதில் பணம் திரும்பாது, அதே மாடல்தான் மறுபடியும் வரும். உங்கள் போன் எடைக்கே பொருந்தாத மாடலாக இருந்தால் அதனால் பயன் இல்லை.

பெட்டியைப் பிரிக்கும்போது, முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி, இடையில் நிறுத்தாமல் காணொளி எடுத்து வையுங்கள். விற்பவர் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லும் இந்தக் காணொளியும் இருந்தால் அங்கே புகாரைச் சொல்வது எளிது.

பழைய கருவியை வாங்குவது தவறல்ல. ஆனால் உங்கள் போனையே எடுத்துப்போய், அதை மாட்டி, பத்து நிமிடம் இயங்கவிட்டுப் பாருங்கள். மோட்டார் உறுமினாலும், அசையாமல் பிடித்திருக்கும்போது போன் தானாக ஒரு பக்கம் மெல்ல நகர்ந்தாலும் விட்டுவிடுங்கள்.

6. கையில் கிடைத்த அன்றே சோதித்துவிடுங்கள்

பயணத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே கருவி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மாற்றிக்கொள்ளும் கெடு பெரும்பாலும் ஏழு நாள் அல்லது பத்து நாள்தான். அதற்குள் குறையைக் கண்டுபிடித்து, மாற்றுக் கருவி வந்து சேர்ந்து, அதையும் சோதிக்க நாள் வேண்டும். பெட்டியைப் பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவதைப்போன்ற தவறு வேறில்லை.

முதல் வேலை கருவியைச் செயல்படுத்துவது (ஆக்டிவேட் செய்வது). பல கருவிகள் செயலியில் கணக்குத் தொடங்கி, இணையம் வழியாகச் செயல்படுத்திய பிறகுதான் முழுதாக இயங்கும். டிஜேஐயின் மிமோ செயலி ஆண்ட்ராய்டு போன்களுக்குப் பிளே ஸ்டோரில் இல்லாமல் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இறக்க வேண்டியதாக இருந்தது. இதைச் சிக்னல் இல்லாத மலைமேல் போய்ச் செய்ய முடியாது. செயலியில் புதுப்பிப்பு கேட்டால் அதையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

பிறகு போனை மாட்டுங்கள். கிம்பலை இயக்கும் முன்பே போனை மாட்ட வேண்டும், இயக்கிவிட்டு மாட்டினால் மோட்டார் திணறும். கிளாம்ப் போனின் நடுவில் இருக்க வேண்டும். கிளாம்பில் கேமரா படம் பொறித்திருந்தால் அந்தப் பக்கம் போனின் கேமரா வரட்டும். இயக்காத நிலையில் கையை விட்டால் போன் எந்தப் பக்கமும் வேகமாகக் கவிழாமல், ஏறக்குறைய கிடைமட்டமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் இறங்கினால் அந்தப் பக்கத்துக்கு எதிராக ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்துங்கள்.

இப்போது மைக் ரிசீவரைச் செருகிப் பாருங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இது. சார்ஜ் துளையில் நீட்டிக்கொண்டிருக்கும் ரிசீவர் கிம்பலின் கையில் இடிக்கும். இடிக்காவிட்டாலும் ஒரு முனையில் கூடிய எடை சமனைக் கெடுக்கும். என் போனில் அது இடித்தது. ஒரு சாண் நீளமுள்ள இணைப்புக் கேபிள் வாங்கி, ரிசீவரைக் கிம்பலின் கைப்பிடியில் ரப்பர் பட்டையால் கட்டிய பிறகுதான் சரியானது.

கடைசியாக மிக அகன்ற லென்சில் ஒரு முறை படம்பிடித்து, கிம்பலின் கை ஓரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். அரைமணி நேரம் தொடர்ந்து இயக்கி, மோட்டார் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறதா என்றும் பாருங்கள். அடிவானக் கோடு சாய்ந்தே இருந்தால், மேசைமேல் அசையாமல் வைத்து, செயலியில் உள்ள அளவுத்திருத்தத்தை (கேலிப்ரேஷன்) ஒரு முறை செய்யுங்கள். அதற்குப் பிறகும் சாய்ந்தால் மாற்றக் கேளுங்கள்.

7. பத்து நாள் கையைப் பழக்குங்கள்

கிம்பல் திருப்பத்தையும் சாய்வையும் மட்டுமே சரிசெய்யும். நீங்கள் நடக்கும்போது உடல் மேலும் கீழும் ஏறி இறங்குவதை அதனால் தடுக்க முடியாது. முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி, நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்திருப்பவர் நடப்பதுபோல நடக்க வேண்டும். தினமும் கால்மணி நேரம் மொட்டைமாடியில் நடந்து பழகினால் பத்தாவது நாள் வித்தியாசம் தெரியும்.

போனில் உள்ள கூடுதல் நடுக்கநீக்க வசதியை அணைத்துவிடுங்கள். கிம்பலும் மென்பொருளும் ஒரே நேரத்தில் திருத்தினால், திரும்பும்போது படம் நின்று நின்று நகரும். கடைத்தெருவில் குழல்விளக்கின் கீழ் படம்பிடிக்கும்போது கருப்புப் பட்டைகள் ஓடினால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 25 சட்டகமும் ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடியும் வைத்தால் பட்டை மறையும்.

வண்டிக்குள் கிம்பலை நம்ப வேண்டாம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் பேருந்து திரும்பும்போது உடலை வெளிப்பக்கம் தள்ளும் அதே விசையைக் கருவியின் உணரியும் உணர்ந்து, கீழ்ப்பக்கம் எது என்பதில் தடுமாறிவிடுகிறது. பத்தாவது வளைவுக்குள் என் காட்சியில் மலையே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பேருந்தில் கிம்பலை மடித்துவைத்துவிட்டு, முழங்கையை மார்போடு ஒட்டி, போனை வெறுங்கையால் பிடிப்பதே நல்ல பலன் தருகிறது. பைக் கைப்பிடியில் போனை நேரடியாகப் பொருத்துவதும் வேண்டாம். அதிக சக்தியுள்ள பைக் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கநீக்க அமைப்பைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

8. புறப்படும் முன்: பேட்டரியும் அனுமதியும்

விமானத்தில் போவதானால் கிம்பலை அணைத்து, மடித்து, கைப்பையில் வையுங்கள். உதிரி பேட்டரிகளும் பவர் பேங்கும் கண்டிப்பாகக் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் அனுமதி இல்லை. பொதுவான வரம்பு 100 வாட்-மணி (Wh). பேட்டரியில் எழுதியிருக்கும் மில்லி ஆம்பியர்-மணியை (mAh) வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் என்றால் 74, ஆகவே கவலை இல்லை. 30,000 என்றால் 111 ஆகிவிடும், விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். எண் அழிந்துபோன பவர் பேங்கைச் சோதனையில் வாங்கிவைத்துவிடுவார்கள்.

கோயில்களை முன்கூட்டியே விசாரியுங்கள். தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடைவிதிக்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் 2018-லிருந்தே தடை உண்டு. கிம்பலைப் போனோடு பொருள் பாதுகாப்பிடத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதால், பூட்டக்கூடிய சிறிய பை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள மாமல்லபுரம் போன்ற இடங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். கிம்பலின் அடியில் திருகியிருக்கும் சிறு முக்காலியைப் பார்த்தாலே காவலர் தடுக்கலாம் என்பதால், நுழையும் முன் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள்.

கடற்கரைக்குப் போனால் மணல்தான் மோட்டாரின் முதல் எதிரி. படம்பிடித்து முடித்ததும் கிம்பலை மணலில் வைக்காமல், பழைய வேட்டித் துணியால் மூட்டுகளைத் துடைத்து, ஜிப் உள்ள பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடுங்கள். அறைக்குத் திரும்பியதும், போனை மாட்டாமல் இயக்காத நிலையில் மூன்று மூட்டுகளையும் விரலால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். நறநறவென்று உரசினால் அன்று இயக்காதீர்கள். மென்மையான தூரிகையால் இடுக்குகளைத் தட்டிவிட்டு, உரசல் முற்றிலும் நின்ற பிறகே மறுபடி போனை மாட்டுங்கள்.